சுசீலா ராமனை எந்த அலமாரியில் வைப்பது?

சுசீலா ராமனின் முதல் ஆல்பமான 'சால்ட் ரெயின்' 2001-இல் வந்தது. தமிழில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே தடத்தில்தான் போகும். ஒன்று, 'லண்டன்ல பொறந்த பொண்ணு, தியாகராஜர் கீர்த்தனையைப் பாடியிருக்கு பாருங்க' என்கிற பெருமை. இன்னொன்று, 'கீர்த்தனையைக் கெடுத்து வச்சிருக்காங்க' என்கிற எரிச்சல். இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டாலும் உட்கார்ந்திருப்பது ஒரே திண்ணையில்தான். இருவர் கணக்கிலும் அந்த ஆல்பம் கர்நாடக சங்கீதம் கடல் கடந்து போய்ப் போட்ட கிளை. ஒருவர் கிளையைத் தட்டிக்கொடுக்கிறார், இன்னொருவர் வெட்டச் சொல்கிறார். என் கட்சி வேறு. 'சால்ட் ரெயின்' ஒரு பாப் ஆல்பம். தொண்ணூறுகளின் இங்கிலாந்தில் ட்ரிப்-ஹாப் என்று பெயர் வாங்கிய இசை எந்தக் காற்றில் வளர்ந்ததோ, அதே காற்றில் வளர்ந்த பாப் ஆல்பம். அப்படிக் கேட்டால்தான் அதில் இருக்கும் கீர்த்தனைகளுக்கே நியாயம் கிடைக்கும் என்பது என் வாதம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1973-இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. வீட்டில் கர்நாடக சங்கீதம், மேடையில் சின்ன வயதிலேயே பாட்டு. பதின்வயதில் சிட்னியில் ராக், ஃபங்க் என்று சொந்தக் குழு. 1995-இல் இந்தியா வந்து ஷ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி படித்தார். 1997-இல் இங்கிலாந்து திரும்பி, கிட்டார் கலைஞரும் தயாரிப்பாளருமான சாம் மில்ஸோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். சாம் மில்ஸ் அதற்கு முன் வங்காள பாவுல் பாடகர் பபன் தாஸோடு 'ரியல் சுகர்' செய்தவர். இந்த இருவரின் கூட்டில்தான் 'சால்ட் ரெயின்' உருவானது. இதில் தீட்சிதர், தியாகராஜர், மைசூர் வாசுதேவாச்சார் என்று கீர்த்தனைகள் உண்டு. சுசீலா தாமே எழுதிய பாடல்கள் உண்டு. இரண்டு வெள்ளைக்காரப் பாட்டுகளும் உண்டு. என் வாதத்தின் சாவி அந்த இரண்டில் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் ட்ரிப்-ஹாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. இங்கிலாந்தின் பிரிஸ்டல் என்கிற துறைமுக ஊரில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் ரெக்கே ஒலிபெருக்கிகளும் அமெரிக்க ஹிப்-ஹாப்பும் கலந்து பிறந்தது. மாசிவ் அட்டாக்கின் 'ப்ளூ லைன்ஸ்' 1991, போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி' 1994, ட்ரிக்கியின் 'மாக்சின்கே' 1995. ஹிப்-ஹாப்பின் தாளத்தை எடுத்து நடையை நன்றாகக் குறைத்துவிடுவார்கள். பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் இறங்கும். வாத்தியங்களுக்கு நடுவில் வேண்டுமென்றே காலியிடம் விட்டிருப்பார்கள். அந்தக் காலியிடத்தில் பெரும்பாலும் ஒரு பெண் குரல், மைக்குக்கு மிகப் பக்கத்தில், உரக்கச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் பாடும். ஷாரா நெல்சன், பெத் கிப்பன்ஸ், மார்ட்டினா டோப்லி-பேர்ட் எல்லாரும் அந்த வரிசை. பிரிஸ்டல் ஆட்களுக்கு அந்தப் பெயரே பிடிக்காது என்பது வேறு கதை. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது 2001-க்கு வருவோம். இங்கிலாந்தில் மெர்குரி பரிசு என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பன்னிரண்டு ஆல்பங்களைப் பட்டியலிட்டு ஒன்றுக்குப் பரிசு தருவார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் ரேடியோஹெட் இருந்தது, கொரில்லாஸ் இருந்து பின்வாங்கியது, பிஜே ஹார்வி ஜெயித்தார் (முடிவு அறிவித்த நாள் செப்டம்பர் 11, அதனால் அந்தச் செய்தியை உலகம் கவனிக்கவே இல்லை). அதே பட்டியலில் மூன்று பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கோல்ட்ஃபிராப்பின் 'ஃபெல்ட் மவுன்டன்', ஸீரோ 7-இன் 'சிம்பிள் திங்ஸ்', சுசீலா ராமனின் 'சால்ட் ரெயின்'. மூன்றுமே முதல் ஆல்பம். மூன்றிலும் நடை நிதானம். மூன்றிலும் பெண் குரலுக்கு முக்கியமான இடம் உண்டு. முதல் இரண்டையும் ட்ரிப்-ஹாப் என்றோ அதன் பங்காளி என்றோ எழுதினார்கள். மூன்றாவதை மட்டும் 'வேர்ல்ட் மியூசிக்' என்று தனியே ஒதுக்கினார்கள். 2002-இல் பிபிசி ரேடியோ 3 அவருக்குக் கொடுத்த புதுமுக விருதும் வேர்ல்ட் மியூசிக் கணக்கில்தான். பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் செய்த பிரிவினையாக எனக்குத் தெரியவில்லை. பாட்டின் மொழியையும் பாடகியின் பெயரையும் பார்த்துச் செய்தது.

அந்த 'வேர்ல்ட் மியூசிக்' என்கிற அலமாரியே 1987-இல் சில சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடி முடிவு செய்த வியாபார ஏற்பாடு. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் தட்டுகளைக் கடைக்காரர் எங்கே வைப்பது என்று தெரியாமல் மூலையில் போட்டுவிடுகிறார், ஒரு பொதுப்பெயர் கொடுத்தால் விற்கும் என்பதுதான் யோசனை. நல்ல எண்ணம்தான், விற்கவும் செய்தது. ஆனால் ஒரு முறை அந்த அலமாரியில் ஏறியவர் இறங்குவது கஷ்டம். நம் கோவில்பட்டிப் பக்கத்து இளையரசனேந்தல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த ஊரை எடுத்து, வருவாய்த் துறைக்குக் கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம் என்றார்கள். ஊராட்சிக்கோ பழைய குருவிகுளம் ஒன்றியமே தொடர்ந்தது. அது தென்காசி மாவட்டம். பட்டாவுக்கு ஒரு திசை, குடிதண்ணீர்க் குழாய்க்கு இன்னொரு திசை. ஒன்றியத்தை மாற்றக் கோரிப் பிர்காவே போராட வேண்டியிருந்தது. ஊர் என்னவோ அதே கரிசல் மண்ணில், அதே இடத்தில்தான் இருக்கிறது, ஃபைல்தான் நகர்கிறது. 'சால்ட் ரெயின்' கதையும் அதுதான்.

சரி, சாவிக்கு வருகிறேன். அந்த ஆல்பத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பாட்டுகளில் ஒன்று 'சாங் டு த சைரன்'. அமெரிக்கப் பாடகர் டிம் பக்லி 1970-இல் வெளியிட்டது. ஆனால் இங்கிலாந்துக்காரர்களின் காதில் அது பதிந்தது 1983-இல், திஸ் மார்ட்டல் காயில் என்ற பெயரில் எலிசபெத் ஃப்ரேஸர் பாடியபோது. இண்டி இசை வட்டாரத்தில் அந்தப் பதிவுக்குக் கிட்டத்தட்ட பஜனைப் பாட்டின் அந்தஸ்து. அதே எலிசபெத் ஃப்ரேஸர்தான் பதினைந்து வருடம் கழித்து, 1998-இல், மாசிவ் அட்டாக்கின் 'மெஸனைன்' ஆல்பத்தில் 'டியர்டிராப்' பாடினார். ட்ரிப்-ஹாப் என்று சொன்னவுடன் உலகத்தில் பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாட்டுதான். இண்டி பாப்பையும் ட்ரிப்-ஹாப்பையும் ஒரே குரலால் முடிச்சுப் போட்ட ஆள் அவர். மூன்றே வருடம் கழித்து லண்டனில் முதல் ஆல்பம் போடும் ஒரு பாடகி, தியாகராஜருக்கும் தீட்சிதருக்கும் நடுவில் கொண்டுவந்து வைக்க, உலகத்தில் இருக்கும் அத்தனை பாட்டிலும் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எந்த வரிசையில் நான் நிற்கிறேன் என்று கைகாட்டியிருக்கிறார். நாம்தான் கீர்த்தனையைப் பார்த்த மலைப்பில் அதைக் கவனிக்காமல் விட்டோம்.

இரண்டாவது வெள்ளைக்காரப் பாட்டு இன்னும் விஷமமானது. 1967-இல் டிஸ்னி எடுத்த 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தில், கா என்கிற மலைப்பாம்பு மோக்லியைக் கண்ணாலேயே மயக்கிச் சுருட்டுவதற்காகப் பாடும் 'டிரஸ்ட் இன் மீ'. ஒரு பாட்டு, கடலோடிகளைக் குரலால் இழுக்கும் மோகினியைப் பற்றியது. இன்னொன்று, குழந்தையைக் குரலால் தூங்க வைக்கும் பாம்பு பாடுவது. இவற்றோடு தியாகராஜரின் 'நகுமோமு'. அந்தக் கீர்த்தனையில் என்ன நடக்கிறது? உன் சிரித்த முகத்தைக் காணாமல் நான் படும் பாடு உனக்குத் தெரியாதா என்று பக்தன் ராமனைக் கேட்கிறான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை, கிண்டலும் செய்கிறான்: கருடன் நீ சொன்ன பேச்சுக்குக் கிளம்பவில்லையோ, இல்லை வானத்துக்கும் பூமிக்கும் தூரம் அதிகம் என்று சாக்குச் சொல்லிவிட்டதோ என்று. வராதவனைக் குரலாலேயே வரவழைக்கப் பார்க்கிற பாட்டு அது. மூன்றும் அழைக்கிற பாட்டு. மூன்றிலும் அழைக்கிற குரலுக்குக் கொஞ்சம் ஆபத்தும் கொஞ்சம் ஏக்கமும் உண்டு. பக்தியைக் கழற்றிவிட்டு ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அவர் எடுத்துக்கொண்டது பக்திக்கு அடியில் ஓடும் அழைப்பை என்றுதான் எனக்குப் படுகிறது. பாசுரமும் பதமும் வளர்த்த காதுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. நாயகியாகத் தன்னைப் பாவித்து ஆழ்வார் பாடியதைக் கேட்ட ஊர் இது.

இப்போது கீர்த்தனை கெட்டுவிட்டது என்கிற புகாரைப் பார்க்கலாம். இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கச்சேரியில் 'நகுமோமு' எடுத்தால் பல்லவியில் சங்கதி மேல் சங்கதியாக அடுக்கி, அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறி, மனசு வந்தால் நிரவலும் ஸ்வரமும் போட்டு அரை மணி நேரம் விரிக்கலாம். அந்த விரிவு சுசீலாவிடம் இல்லை. ஒரு பாப் பாட்டின் நீளத்துக்குள் முடித்துக்கொள்கிறார். சங்கதிகள் கூட்டிக்கொண்டு போகிற சுகம் வேண்டுமென்றால் பழைய வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயரைத்தான் கேட்க வேண்டும், வாதமே இல்லை. ஆனால் 'அசல் கெட்டது' என்று சொல்லும்போதுதான் கேட்கத் தோன்றுகிறது, எந்த அசல்? 'நகுமோமு'வின் ராகம் ஆபேரி. இன்று எல்லோரும் பாடும் ஆபேரியில் வருவது சதுஸ்ருதி தைவதம். காருகுறிச்சி அருணாசலம், கோவில்பட்டியில் வாழ்ந்த நம் காருகுறிச்சியார், 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியோடு நாதஸ்வரம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' இந்த ஆபேரிதான். திருவிழா ஒலிபெருக்கியில் அதைக் கேட்டே நம் பக்கத்து ஜனங்களுக்கு ஆபேரி ரத்தத்தில் ஊறிப்போனது. ஆனால் சுப்பராம தீட்சிதர் தொகுத்து 1904-இல் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஆபேரி எப்படி இருக்கிறது? சுத்த தைவதத்தோடு. அது வேறு மேளம், வேறு நிறம். 'நகுமோமு'வே ஒரு காலத்தில் அந்தத் தைவதத்தோடு இருந்திருக்கும் என்று வாதிடுகிற வித்வான்கள் உண்டு, இல்லை என்கிறவர்களும் உண்டு. ஒரே பெயரில் இருக்கும் ராகத்தின் தைவதத்தையே காலம் மாற்றிவிட்டிருக்கிறது. அதை மாற்றியவர்கள் யாரும் லண்டன்காரர்கள் இல்லை. அந்தத் தைவதத்தை நாம் மனசார ஏற்றுக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம், சரிதான். அப்படியானால் கிட்டாரை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன கணக்கு?

அந்தப் புத்தகம் அச்சான ஊர் எது தெரியுமா? எட்டயபுரம். இளையரசனேந்தலில் பஸ் ஏறிக் கோவில்பட்டியில் மாறினால் கிழக்கே அடுத்த பெரிய ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று உயிர் விட்டதும், அவருக்குச் சமாதி இருப்பதும் அங்கேதான். கர்நாடக சங்கீதத்தின் மிகக் கறாரான வித்வானாக நாம் கொண்டாடும் அதே தீட்சிதர், சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாற்பதுக்குப் பக்கம் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவுக்கான தேசிய கீதத்தின் மெட்டேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அவர் ஆஸ்தான வித்வானாக இருந்தது எட்டயபுரம் அரண்மனையில். 'சால்ட் ரெயி'னில் தீட்சிதரின் 'மகா கணபதிம்' கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சின்னது. தீட்சிதர் வெள்ளைக்கார மெட்டுக்குத் தன் சொல்லைப் போட்டார். சுசீலா வெள்ளைக்கார நடைக்கு தீட்சிதரின் சொல்லைக் கொண்டுபோனார். முன்னதை ரசனை என்றும் பின்னதை அபசாரம் என்றும் சொல்வதற்கு இருநூறு வருட இடைவெளி தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

குரல் பற்றியும் ஒரு புகார் உண்டு. 'முணுமுணுக்கிறார், வாயைத் திறந்து பாடவில்லை' என்பார்கள். மைக் வருவதற்கு முன் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க உச்ச ஸ்ருதியில் பாடியாக வேண்டியிருந்தது. மைக் வந்தபின் ஸ்ருதி இறங்கியது, கமகத்தில் நுணுக்கம் கூடியது, மெல்லிய சாரீரக்காரர்களும் பெரிய வித்வான்களானார்கள். கருவி மாறினால் குரல் மாறும், அது இசையின் இயல்பு. ட்ரிப்-ஹாப் என்பதே மைக்கின் கலை. பாடகியின் மூச்சு உங்கள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதாக ஒரு மாயத்தை ஸ்டூடியோவில் கட்டுகிறார்கள். சுசீலாவின் கனத்த, தாழ்ந்த ஸ்தாயிக் குரல் அந்த மாயத்துக்கென்றே வாய்த்தது. உச்சஸ்தாயியில் இனிக்கும் சினிமாப் பெண்குரலையே அழகு என்று பழகிய நமக்கு அது முதலில் ஆண்மையாகவோ சோம்பலாகவோ படலாம். பட்டம்மாளையும் எம்.எல்.வசந்தகுமாரியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கனம் பழகியதுதான்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. சாமிப் பாட்டை எடுத்து, கொஞ்சம் தபேலா, கொஞ்சம் மர்மம் சேர்த்து வெள்ளைக்காரனின் காபிக் கடைக்கு விற்பது இது. அங்கே கேட்கிறவனுக்கு ராமனும் தெரியாது, ஆபேரியும் தெரியாது, 'கீழைத்தேய' வாசனை போதும். இந்த ஆல்பம் ஃபிரான்சில் தங்கத் தட்டு வாங்கும் அளவுக்கு விற்றது உண்மை. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சொற்கள் புரிந்திருக்காது என்பதும் உண்மை. தொண்ணூறுகளில் அந்த மாதிரி ஊதுபத்தி இசை லாரி லாரியாக வந்ததையும் மறுக்கவில்லை: ஒரு டிரம் லூப், மேலே யாரோ பெயர் தெரியாத கிழவரின் ஆலாபனைத் துண்டு, முடிந்தது பாட்டு. ஆனால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அந்த வகைப் பாட்டில் கீழைக்குரல் ஒரு துணுக்கு, வெட்டி ஒட்டிய அலங்காரம். 'சால்ட் ரெயி'னில் பாட்டே அந்தக் குரல்தான். சாகித்தியம் முழுதாக இருக்கிறது, சுற்றி இருக்கும் கிட்டாரும் தாளமும் அதற்குத்தான் வழிவிடுகின்றன. கேட்பவருக்குப் புரியவில்லை என்பதைப் பாடுபவர் மேல் குற்றமாகச் சுமத்தினால், தெலுங்கு தெரியாத நாம் 'நகுமோமு'வுக்குத் தலையாட்டுவதை என்னவென்று சொல்வது? அட்டைப்படத்தையும் விளம்பரத்தையும் வைத்து ஒரு ஆல்பத்தை விற்ற விதத்தைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். பாட்டின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

கறாரானவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருவார்கள்: இது ட்ரிப்-ஹாப்பே இல்லையே, ட்ரிப்-ஹாப் என்றால் பழைய தட்டிலிருந்து உருவிய தாளத் துண்டுகள் வேண்டும், கீறல் சத்தம் வேண்டும், இங்கே எல்லாம் கையால் வாசித்ததல்லவா என்று. ஒத்துக்கொள்கிறேன். தொழில்நுட்பத்தை வைத்துப் பார்த்தால் 'சால்ட் ரெயின்' அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. நான் பங்காளி என்று சொல்வது வேறு காரணத்துக்காக. நிதானம், காலியிடம், அடிநாதம், பக்கத்தில் வந்து பேசும் குரல், அங்கங்கே கிடைத்ததை ஒரே மனநிலைக்குள் கொண்டுவருதல் என்று அந்த இசை காதுக்குச் செய்கிற வேலைகளை இதுவும் செய்கிறது. சாம்ப்ளர் எந்திரம் பழைய தட்டிலிருந்து எடுப்பதை சுசீலா தன் ஞாபகத்திலிருந்து எடுக்கிறார். சிட்னியில் பாட்டு வகுப்பு, இரவில் ராக் மேடை என்று வளர்ந்த ஒருவரின் தலைக்குள் தியாகராஜரும் டிம் பக்லியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர் கலக்கவில்லை, ஏற்கெனவே கலந்திருந்ததைப் பாடினார்.

ஆல்பத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. சில பாடல்களில் கை தட்டவைக்கும் ஆசை தெரிகிறது. தாள வாத்தியங்கள் குரலை முந்திக்கொண்டு ஓடும் இடங்களில் நான் மேலே சொன்ன காலியிடம் காணாமல் போகிறது. தமிழுக்கு அதில் இடம் குறைவு என்பதும் நமக்கு உறுத்தும். அந்தக் குறை தீர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'வேல்' என்ற ஆல்பத்துக்காக அவர் தமிழ்நாட்டில் கோவை கமலா போன்றவர்களிடம் முருக பக்திப் பாடல்களைக் கற்று, அவற்றை மின்கிட்டாரின் ஆவேசத்தோடு பாடினார். அது வேறு ஜாதி ஆல்பம். முதல் ஆல்பத்தின் நிதானம் அதில் கிடையாது. எனக்கு முதலாவதுதான் உசத்தி.

இதற்குள் காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிரியா ராகு, தன் முதல் ஆல்பத்துக்கு 'சந்தோஷம்' என்றே பெயர் வைத்து 2023-இல் வெளியிட்டார். ஆர்&பி பாட்டுகளுக்கு நடுவில் தமிழ் வந்து போகிறது, யாரும் விளக்கவுரை கேட்கவில்லை. பாப் பாடகி என்றே எழுதுகிறார்கள். சுசீலாவுக்குக் கிடைக்காமல் போன சலுகை அது. அந்தச் சலுகைக்குக் கதவைத் தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

கேட்காதவர்கள் கேட்டுப் பாருங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் கேட்காது, பாதி ஆல்பம் போய்விடும். காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதலில் எலிசபெத் ஃப்ரேஸரின் 'சாங் டு த சைரன்', அப்புறம் 'டியர்டிராப்', அதன்பின் 'சால்ட் ரெயின்' முழுசாக. முசிறியின் 'நகுமோமு'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இது கெட்டுப்போன கச்சேரி என்று தோன்றினால் வாருங்கள், தைவதத்தில் தொடங்கிச் சண்டை போடலாம்.